தவணை இறுதி மடலும் பாடசாலை விழாக்களும்: கொழும்பு வடக்கிலிருந்து ஒரு பெற்றோரின் மதிப்பீடு

கொழும்பு வடக்கில் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் அரசாங்க ஆரம்பப் பாடசாலை ஒன்று, மூன்றாந் தவணையின் முடிவில் பெற்றோருக்கு அனுப்பிய செய்தி மடலையும், அந்தத் தவணைக்குள் நடத்திய பொது நிகழ்ச்சிகளையும் பற்றி இங்கே எழுதுகிறேன். என் மகள் அங்கே மூன்றாந் தரத்தில் கற்கிறாள். சிறுபிள்ளைகளைப் பற்றிய விடயம் என்பதாலும், சில குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதாலும் பாடசாலையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். முதலாந் தர அனுமதிக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்பதெல்லாம் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதைத்தான். ஆனால் ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையை அனுப்பி வைத்துவிட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளும் அந்தப் பாடசாலை வீட்டாரோடு எப்படிப் பேசுகிறது, விழாவுக்கு வர முடியாத தாய்க்கும் பரிசு பெறாத பிள்ளைக்கும் அங்கே என்ன இடம் இருக்கிறது என்பதை யாரும் விசாரிப்பதில்லை. நான் அதை வைத்தே இந்த மடலையும் விழாக்களையும் மதிப்பிடுகிறேன்.

முதலில் மடல். கறுப்பு வெள்ளையில் போட்டோ கொப்பி எடுத்து, நடுவில் மடித்துத் தைத்த சில தாள்கள். முன்னேற்ற அறிக்கையோடு சேர்த்துப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டார்கள். வண்ண அட்டையோ, அதிபரின் பெரிய படமோ, அரசியல்வாதிகளின் வாழ்த்துச் செய்தியோ இல்லை. முதற்பக்கத்தில் தவணை முடியும் நாள், அடுத்த ஆண்டு பாடசாலை தொடங்கும் நாள், இலவசப் பாடநூல்களும் சீருடைத் துணியும் வழங்கப்படும் ஒழுங்கு, பெற்றோர் கூட்டத்தின் திகதி ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருந்தன. வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் இருக்கும் எவருக்கும் இதன் அருமை புரியும். ஒரு திகதியைத் தேடப்போனால் பிறந்தநாள் வாழ்த்துகளையும், காலை வணக்கப் படங்களையும், ஒரே கேள்வியைப் பத்துப் பேர் கேட்ட செய்திகளையும் தாண்டிப் போகவேண்டியிருக்கிறது. சுவரில் ஒட்டி வைக்கக்கூடிய ஒரு தாளில் தேவையான அனைத்தும் இருப்பது, தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளுக்கும், பெற்றோர் வெளிநாட்டில் இருக்க அம்மம்மாவோ பெரியம்மாவோ பிள்ளையை வளர்க்கும் வீடுகளுக்கும் பெரிய உதவி.

உள்ளே ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த மடலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நமது ஆரம்பக் கல்வியில் ஒன்றாம் இரண்டாம் தரங்கள் முதலாம் முதன்மை நிலை என்றும், மூன்றாம் நான்காம் தரங்கள் இரண்டாம் முதன்மை நிலை என்றும், ஐந்தாந் தரம் மூன்றாம் முதன்மை நிலை என்றும் பிரிக்கப்பட்டிருப்பதும், அந்தந்த நிலைக்குரிய தேர்ச்சிகள் வேறுவேறானவை என்பதும் பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. புள்ளி எத்தனை என்று மட்டுமே கேட்கிறோம். மடலை எழுதிய ஆசிரியைகள் புள்ளியைப் பற்றிப் பேசாமல், இந்தத் தவணையில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை எழுதியிருக்கிறார்கள். மூன்றாந் தரத்தார் சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்தில் பாடசாலைக் கூரையில் விழும் மழைநீர் எந்த வழியாக வடிகாலுக்குப் போகிறது என்று பின்தொடர்ந்து பார்த்து, அதைப் படமாக வரைந்திருக்கிறார்கள். என் மகள் அந்தப் படத்தைப் பற்றி வீட்டில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மடலைப் படித்த பிறகு நான் கேட்டபோது, பீலி எங்கே உடைந்திருக்கிறது, நீர் எங்கே தேங்குகிறது என்பதையெல்லாம் அவள் விவரித்துச் சொன்னாள். பெற்றோர் தம் பிள்ளையிடம் கேட்பதற்கு ஒரு நல்ல கேள்வியை வைத்துக் கொடுத்த அந்த ஆசிரியைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு வகுப்பாசிரியையும் தன் வகுப்புக்குரிய பக்கத்தைத் தானே வாசித்து, குரற்பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தமை நான் வேறெங்கும் கண்டிராத ஏற்பாடு. கொழும்பில் தமிழ் பேசிக்கொண்டே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கல்வி கற்று வளர்ந்த பெற்றோர் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ் எழுத்தை வாசிப்பது சிரமம். புறக்கோட்டையில் மூட்டை சுமந்தும் ஒழுங்கைகளில் சிறு கடை நடத்தியும் வாழ்கின்ற, இளவயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுவிட்ட பெற்றோரும் இருக்கிறார்கள். இவர்கள் எவரும் தமக்கு வாசிக்க வராது என்பதை வகுப்பாசிரியையிடம் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். யாரையும் கேளாமல், எல்லோருக்கும் ஒரே விதமாகக் குரற்பதிவு அனுப்பியதனால் எவருடைய மதிப்பும் குறையவில்லை. முச்சக்கர வண்டி ஓட்டும் அயலவர் ஒருவர் வாகன நெரிசலில் நின்றுகொண்டிருக்கும்போது தன் மகனின் வகுப்புச் செய்தியை முழுவதும் கேட்டதாக மகிழ்ச்சியோடு சொன்னார்.

புலமைப்பரிசில் பெறுபேற்றை இந்த மடல் கையாண்ட விதம் பாராட்டுக்குரியது. இரண்டு வினாத்தாள்களில் மொத்தம் 200 புள்ளிகளுக்கு நடத்தப்படும் அந்தப் பரீட்சையில் மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப வெட்டுப்புள்ளி வேறுபடுகிறது. அதற்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையும் பத்து வயதுப் பிள்ளைதான். பெறுபேறு வெளியானதும் மதில்களில் கட்டப்படும் பதாகைகளில் படம் வராத பிள்ளைகள், அந்தப் பதாகையின் கீழாகத்தான் ஒவ்வொரு நாளும் வாயிலைக் கடந்து போகிறார்கள். இந்த மடலோ சித்தியடைந்தோரை ஒரு வாக்கியத்தில் வாழ்த்திவிட்டு, பரீட்சைக்குத் தோற்றிய ஐந்தாந் தரத்தார் அனைவரையும், தாய்மொழிப் பாடத்தில் அவர்கள் சேர்ந்து தொகுத்த கையெழுத்துச் சஞ்சிகையையும் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறது. இது சிறிய மாற்றமன்று. அதிபரும் ஆசிரியர்களும் பெற்றோரின் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டுதான் இதைச் செய்திருப்பார்கள்.

ஒளிப்படங்களில் மட்டும் இன்னும் கவனம் தேவை. அச்சு மடலில் பிள்ளைகளின் முகங்கள் தெளிவாகத் தெரியாத கூட்டப் படங்களே இருந்தன. ஆனால் விழா நாட்களில் எடுத்த படங்கள் பாடசாலையின் முகநூல் பக்கத்தில், சில இடங்களில் பிள்ளையின் முழுப் பெயரோடும் வகுப்போடும் பதிவேற்றப்பட்டுள்ளன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டிருக்கும் நாட்டில், ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சம்மதப் படிவத்தைப் பெற்றோரிடம் பெற்றுக்கொள்வது கடினமான காரியமாக இருக்க முடியாது. சீருடையும் பெயரும் முகமும் ஒரே படத்தில் இருந்தால், அந்தப் பிள்ளை எந்த வாயிலால் எத்தனை மணிக்கு வெளியே வருகிறது என்பதை அறிய வேறொன்றும் தேவையில்லை.

இனி நிகழ்ச்சிகள். தவணையின் மிகச் சிறந்த நிகழ்ச்சி மாணவர் சந்தை என்பதில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. மூன்றாந் தரத்திலிருந்து ஐந்தாந் தரம் வரையான பிள்ளைகள், வகுப்பறை மேசைகளை முற்றத்துக்குக் கொண்டுவந்து, வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, தேசிக்காய், மரவள்ளிக் கிழங்கு, அவித்த கடலை, கச்சான், எள்ளுருண்டை, இலைக்கஞ்சி ஆகியவற்றை விற்றார்கள். விலைப்பட்டியலை அவர்களே எழுதியிருந்தார்கள். எழுத்துப் பிழைகளை எந்த ஆசிரியையும் திருத்தியெழுதி அழகாக்கவில்லை. கீரைக்கட்டு 60 ரூபா என்றால், மூன்று கட்டு வாங்கி 200 ரூபா தந்தவருக்கு எவ்வளவு மீதி என்ற கணக்கைக் கொப்பியில் செய்யும் பிள்ளை, முன்னால் ஒருவர் அவசரப்பட்டுக்கொண்டு நிற்கும்போது அதை மனதில் செய்யத் தடுமாறுகிறது. பிறகு ஒரு முறை சரியாகச் செய்துவிட்டால் அடுத்தவருக்கு விரைவாகச் செய்கிறது. கணித பாடத்தின் எந்தப் பயிற்சியும் இதற்கு ஈடாகாது. ஆசிரியைகள் மேசைக்குப் பின்னால் நின்று விற்பனை செய்யாமல், முற்றத்தின் ஓரத்தில் இருந்தபடி கவனித்துக்கொண்டது மிகவும் சரியான முடிவு.

சந்தைக்கான பொருட்களைச் சேர்த்த விதமும் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பெற்றோரும் ஏதாவது கொண்டுவர வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. மரக்கறி வியாபாரம் செய்யும் தாய்மார் சிலர், 2020ஆம் ஆண்டில் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு மாற்றப்பட்ட மெனிங் சந்தையில் மொத்த விலைக்கு வாங்கிவந்து, அசல் விலையை மட்டும் பெற்றுக்கொண்டார்கள். வழக்கமான பாடசாலை விழாக்களில் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் இந்தத் தாய்மார்தான் அன்றைக்கு எல்லோருக்கும் வழிகாட்டிகள். தராசைப் பிடிப்பது எப்படி, வாடிய கட்டை ஏன் அடியில் வைக்கக்கூடாது, கேட்பவரிடம் எப்படிப் பேசுவது என்பதையெல்லாம் பிள்ளைகள் அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். ஒரு தாயின் தொழில் அவருடைய பிள்ளையின் வகுப்புத் தோழர் முன்னிலையில் அறிவாக மதிக்கப்பட்டதைக் கண்டு நான் மனம் நிறைந்து போனேன். அயலில் குடியிருக்கும் சிங்களக் குடும்பங்களும் வந்து வாங்கின. இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் பிள்ளைகள் அவர்களிடம் விலை சொல்ல முயன்றதும், அவர்கள் பொறுமையோடு திருத்திக் கொடுத்ததும் பாடநூலில் இல்லாத பாடம்.

சந்தையைக் காலையிலேயே வைத்து, நண்பகலுக்கு முன் முடித்தமைக்கும் காரணம் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கொழும்பில் இடைப்பருவ மழை பெரும்பாலும் பிற்பகலில் இடிமின்னலோடு வருகிறது. இதை எண்ணாமல் பிற்பகல் நிகழ்ச்சி வைத்துப் பந்தலும் ஒலிபெருக்கியும் நனைந்த பாடசாலைகளை நாம் பார்த்திருக்கிறோம்.

தவணையின் கடைசி வாரத்தில் நடந்த சிரமதானத்தை மடலில் இரண்டே வரியில் முடித்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும். டெங்கு நோய் எமது நகரத்துக்குப் புதியதன்று. 2017ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். கொழும்பு மாவட்டம் ஆண்டுதோறும் பட்டியலின் மேல்வரிசையில் நிற்கிறது. டெங்கைப் பரப்பும் நுளம்பின் முட்டை, நீர் விளிம்பில் பாத்திரத்தின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். மறுபடி நீர் பட்டதும் பொரித்து, ஒன்று ஒன்றரைக் கிழமைக்குள் பறக்கும் நுளம்பாகிவிடும். ஆகையால் நீரைக் கொட்டினால் போதாது, உட்புறத்தை உரஞ்சித் தேய்க்கவும் வேண்டும். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பாடசாலையில் யாரும் பார்க்காமல் நீர் தேங்குமானால், திறக்கும் நாளில் வந்து சேரும் பிள்ளைகளையே அது முதலில் தாக்கும். இதனை அறிந்துதான் பெற்றோரும் பழைய மாணவரும் பீலிகளையும், பூச்சாடித் தட்டுகளையும், மலசலகூடத் தொட்டிகளையும், பின்பக்கத்தில் குவிந்திருந்த உடைந்த கதிரைகளையும் சுத்தம் செய்தார்கள். மூன்றாந் தரத்தார் வரைந்த மழைநீர்ப் படத்தில் உடைந்ததாகக் காட்டப்பட்டிருந்த பீலி அன்றே திருத்தப்பட்டது. பிள்ளைகள் கண்டுபிடித்த குறையைப் பெரியவர்கள் ஏணி வைத்து ஏறிச் சரிசெய்தார்கள் என்ற செய்தி மடலின் முதற்பக்கத்துக்கு உரியது. ஆனால் அது எங்குமே எழுதப்படவில்லை.

வாணி விழாவும் மீலாத் விழாவும் கிறிஸ்மஸுக்கான ஒளி விழாவும் இந்தப் பாடசாலையில் ஒழுங்காக நடைபெறுகின்றன. எங்கள் வட்டாரத்தில் இந்து, கத்தோலிக்க, இஸ்லாமியப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து தமிழில் படிப்பவர்கள் என்பதால் இது இயல்பான ஒன்று. வாணி விழாவில் கொலு வைக்கும் பொறுப்பு வகுப்புகளுக்குச் சுழற்சி முறையில் வழங்கப்பட்டது. விஜயதசமியன்று அயலிலுள்ள சின்னஞ்சிறார்களுக்கு ஏடு தொடக்கியதும், அவல், கடலை, மோதகம் ஆகியவை வகுப்பு வகுப்பாகப் பகிரப்பட்டதும் நல்ல ஏற்பாடு. ஒக்டோபர் 1இல் சிறுவர் தினத்தை ஆசிரியர்கள் நடத்தினார்கள். 6ஆம் திகதி ஆசிரியர் தினத்தைப் பிள்ளைகள் நடத்தினார்கள். இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எளிமையாகவும் அன்பாகவும் நடந்தன.

ஒளி விழா விடயத்தில் எனக்கு மனக்குறை உண்டு. பாலன் பிறப்பு நாடகத்தைப் பிள்ளைகள் மிக நன்றாக நடித்தார்கள். இடையர்களாக வந்த இரண்டாந் தரத்தாரின் பேச்சு கடைசி வரிசை வரை கேட்டது. ஆனால் நடனத்துக்கு வேண்டிய உடைகளை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று நிகழ்ச்சிக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் பெற்றோருக்கு அறிவித்தார்கள். உடை வாடகை, முக ஒப்பனை, தலையலங்காரம் என்று சேரும் தொகை, நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சிறியதல்ல. பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி நடனத்திலிருந்து விலக்கிக்கொண்ட குடும்பங்களை நான் அறிவேன். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்ததன் பொருள், காசில்லாத காரணத்தால் எந்தப் பிள்ளையும் வகுப்பறைக்கு வெளியே நிற்கக்கூடாது என்பது. மேடையும் வகுப்பறையின் ஒரு பகுதிதான். நாடகத்தில் நடித்தவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த போர்வையாலும் அம்மாவின் பழைய சேலையாலும் எவ்வளவு அழகாக இருந்தார்களோ, நடனமாடியவர்களும் அவ்வாறே இருந்திருக்க முடியும்.

பரிசளிப்பு விழாதான் நிகழ்ச்சிகளுள் மிகப் பலவீனமானது. பிரதம விருந்தினரும் சிறப்பு விருந்தினர்களும் வந்து சேர்வதற்காக, வெயில் ஏறிய மண்டபத்தில் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் சப்பாத்தும் கழுத்துப்பட்டியும் அணிந்தபடி நெடுநேரம் காத்திருந்தார்கள். மங்கள விளக்கேற்றல், மாலை அணிவித்தல், பொன்னாடை போர்த்தல், ஒருவர்பின் ஒருவராக உரை என்று சென்ற பிறகு, பரிசு வழங்கும் நேரத்தில் பெயர்களை அவசர அவசரமாக வாசித்தார்கள். சில பிள்ளைகள் மேடையேறி இறங்கியது அவர்களின் பெற்றோருக்கே சரியாகத் தெரியவில்லை. விருந்தினருக்குச் செலுத்திய மரியாதையில் நான் குறை காணவில்லை. வீட்டுக்கு வந்தவரை வரவேற்பது நமது பண்பு. ஆயினும் விழா யாருக்காக நடக்கிறதோ அவர்கள் தண்ணீருக்கும் மலசலகூடத்துக்கும் அனுமதி கேட்டு ஏங்கும் நிலை இருக்கக்கூடாது. உரைகளை இரண்டாக மட்டுப்படுத்தி, பரிசு வழங்கலை முதலில் வைத்து, பிள்ளைகளைத் தரம் தரமாக மண்டபத்துக்குள் அழைத்தால் இந்தச் சிரமம் நீங்கும். வரவு ஒழுங்குக்கும், நூல்நிலையத்தில் அதிக நூல்களை வாசித்தமைக்கும், சக மாணவருக்கு உதவியமைக்கும் இம்முறை பரிசுகள் சேர்க்கப்பட்டிருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உதவிக்கான பரிசை வகுப்புத் தோழர்களே தேர்ந்தெடுத்தார்கள் என்று மடல் சொல்கிறது. அந்தப் பரிசைப் பெற்ற பிள்ளைக்கு எழுந்த கைதட்டல்தான் அன்றைய விழாவில் மிகப் பெரியது.

பணக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிபரின் தலைமையில் ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் ஆகியோர் இணைந்து இயங்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவை மடலின் கடைசிக்கு முந்திய பக்கத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். மாணவர் சந்தையில் கிடைத்த இலாபம் நூல்நிலையத்துக்கான சிறுவர் நூல்களுக்கும் குடிநீர் வடிகட்டிக்கும் போனது என்பதை ரூபாக் கணக்கில் எழுதியிருப்பது நம்பிக்கை தருகிறது. ஆனால் பரிசளிப்பு விழாவுக்கு வந்ததும் எல்லாம் ஒரே தொகையாகச் சுருங்கிவிடுகிறது. மண்டப அலங்காரம், ஒலிபெருக்கி, விருந்தினர் உபசாரம், பரிசுப் பொருள் ஆகியவற்றுக்குத் தனித்தனியே எவ்வளவு செலவானது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். சந்தைக் கணக்கை அத்தனை தெளிவாக எழுதத் தெரிந்தவர்களுக்கு இதையும் எழுதத் தெரியும்.

கடைசிப் பக்கம் விடுமுறைக்கானது. பயிற்சிப் புத்தகங்களின் பட்டியலைக் கொடுத்துப் பிள்ளைகளை மேலதிக வகுப்புக்குள் அடைக்காமல், கொழும்பில் குறைந்த செலவில் போய்வரக்கூடிய இடங்களை எழுதியிருக்கிறார்கள். 1877இல் திறக்கப்பட்ட தேசிய நூதனசாலை, விகாரமகாதேவிப் பூங்கா, அதற்கு அண்மையிலுள்ள கொழும்புப் பொது நூலகம், தெஹிவளை மிருகக்காட்சிசாலை ஆகியவற்றோடு, ஒவ்வோர் இடத்திலும் பிள்ளை எதைப் பார்த்து எதை எழுதிவரலாம் என்று ஒரு கேள்வியும் இருக்கிறது. பேருந்தில் போகும் வழியில் கடைகளின் பெயர்ப்பலகைகளை மூன்று மொழிகளிலும் வாசித்துப் பார்க்கச் சொல்லியிருப்பது, செலவே இல்லாத நல்ல பயிற்சி. பக்கத்தின் அடியில் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். விடுமுறையில் பெரியவர்களின் கண்காணிப்பின்றி வீட்டில் இருக்கும் பிள்ளைகளை நினைத்து அதைச் சேர்த்திருக்கிறார்கள் என்றே எண்ணுகிறேன். என் மகள் அந்த இலக்கத்தை மனப்பாடமாகச் சொல்கிறாள்.

அயல் பாடசாலைகளின் ஆசிரியர்கள் இந்த மடலைப் பார்க்க விரும்பினால், வகுப்புப் பத்திகளையும் குரற்பதிவு முறையையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தாளும் கைப்பேசியும் போதும். எங்கள் பாடசாலையைப் பொறுத்தவரை, விழா உடைகளுக்கு வாடகைப் பணம் கேட்கக்கூடாது, பரிசளிப்பு விழாவின் செலவைப் பிரித்துக் காட்ட வேண்டும், ஒளிப்படங்களுக்குச் சம்மதம் பெற வேண்டும் என்ற கோரிக்கைகளை மூன்றாந் தரப் பெற்றோர் சிலர் சேர்ந்து கடிதமாக எழுதியிருக்கிறோம். அடுத்த தவணையின் முதலாவது பெற்றோர் கூட்டத்தில் அதனை அதிபரிடம் நேரில் கையளிக்கவிருக்கிறோம். உடைகளைத் தைத்துக் கொடுக்க, தையல் வேலை செய்யும் தாய்மார் இருவர் ஏற்கெனவே முன்வந்திருக்கிறார்கள்.